வியட்நாமில் சமையல் வகுப்பு: பயணம் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

நானும் அம்மாவும் வியட்நாமில் பன்னிரண்டு நாள் சுற்றினோம். அதில் மூன்று சமையல் வகுப்புகளுக்குப் போனோம்: ஹனோயில் ஒன்று, ஹோய் ஆனில் இரண்டு. திரும்பி வந்த நாளிலிருந்து, போகத் திட்டமிடும் உறவினர்களும் நண்பர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். அம்மா முழுச் சைவம். நான் மீனும் கோழியும் சாப்பிடுவேன். அதனால் இரண்டு தரப்புச் சந்தேகங்களுக்கும் பதில் இருக்கும்.

இருப்பதே சில நாள். அதில் அரை நாளைச் சமையலுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். வியட்நாமியச் சாப்பாடு மேசைக்கு வரும்போது பாதி வேலைதான் முடிந்திருக்கும். ஒரு தட்டு நிறைய இலைகள், ஒரு கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளும் சாறு, அரிசி நூடுல்ஸ், வறுத்தது ஏதாவது, எலுமிச்சைத் துண்டு, மிளகாய் என்று தனித்தனியாக வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எதை எதோடு சேர்ப்பது, எதில் சுற்றுவது, எதில் தோய்ப்பது என்பதெல்லாம் சாப்பிடுகிறவர் கையில்தான் இருக்கிறது. முதல் மூன்று நாள் நாங்கள் இலைத்தட்டைத் தொடாமலேயே எழுந்து வந்தோம். அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். சாப்பாட்டில் பாதியே அந்த இலைகள்தான் என்பது வகுப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எனவே வகுப்பைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிட்டால், பிறகு தெருவோரக் கடையில் உட்காரும் ஒவ்வொரு வேளையும் அந்தப் பாடம் கைகொடுக்கும்.

எந்த ஊரில் சேரலாம்?

ஒரே ஒரு வகுப்புக்குத்தான் நேரம் என்றால் ஹோய் ஆன். நடு வியட்நாமில், டா நாங் விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 1999 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள பழைய துறைமுக ஊர். சந்தை, ஆறு, கீரைத் தோட்டம், கடல் நான்கும் சைக்கிள் தூரத்தில் இருப்பதால் பொருள் விளையும் இடத்தையும் அடுப்பையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்.

ஊருக்கு வெளியே இரண்டு மூன்று கிலோமீட்டரில் டிரா குவே என்ற கீரைக் கிராமம் இருக்கிறது. பாத்தி பாத்தியாகப் புதினா, துளசி வகைகள், கொத்தமல்லி, வெங்காயத்தாள். பக்கத்து நீர்நிலையிலிருந்து அள்ளிய பாசியை மண்ணில் புதைத்து உரமாக்குகிறார்கள். தோளில் நுகத்தடிபோல் மூங்கிலை வைத்து, இரு பக்கமும் பூவாளி தொங்க, ஒரே நடையில் இரண்டு பாத்திக்கு நீர் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2024இல் அறிவித்த சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் இதுவும் ஒன்று. இங்கே நடக்கும் வகுப்புகளில் இலையைப் பறித்துக் கொண்டுவந்துதான் சமையலைத் தொடங்குவார்கள். இன்னொரு பக்கம் காம் தான் பகுதியில் நீர்த்தென்னைக் காடு. மூங்கிலால் பின்னி, சாணமும் மரப்பிசினும் பூசிய வட்டப் பரிசலில் ஏற்றிச் சுற்றிக் காட்டிவிட்டுச் சமையலுக்கு அழைத்துப்போகும் வகுப்புகள் அங்கே அதிகம். குழந்தைகள் கூட இருந்தால் அதை எடுக்கலாம். சமையல் மட்டும் போதும் என்பவர்களுக்கு டிரா குவேயைத்தான் சொல்வேன்.

ஹனோயில் வடக்கத்திச் சமையல்: எலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்ட ஃபோ, சுட்ட பன்றி இறைச்சியோடு அரிசி நூடுல்ஸ் சேர்ந்த புன் சா, மஞ்சளும் சதகுப்பையும் போட்டு வறுக்கும் சா கா மீன். இனிப்பு குறைவு, மிளகாயும் குறைவு. ஹுவே பழைய அரச தலைநகரம். காரம் அங்கேதான் தூக்கலாக இருக்கும். பௌத்த மடங்களின் சைவச் சமையலுக்கும் பெயர் பெற்றது. ஹோசிமின் நகரத்தில் தெற்கத்திக் கைப்பக்குவம். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் தாராளம்.

வகுப்பு எப்படி நடக்கும்?

பெரும்பாலானவை நான்கைந்து மணி நேரம். காலை எட்டு எட்டரைக்குத் தங்கும் விடுதிக்கே வந்து அழைத்துப்போவார்கள், அல்லது சந்தை வாசலில் சந்திக்கச் சொல்வார்கள். சந்தையில் ஒரு மணி நேரம், பிறகு சமையல்கூடம், மூன்று முதல் ஐந்து பதார்த்தங்கள், கடைசியில் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவது. மாலை வகுப்புகளும் உண்டு, ஆனால் சந்தை காலையில்தான் உயிரோடு இருக்கும். காலை வகுப்பையே எடுங்கள், பசியோடு போங்கள். விடுதியில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று காலை உணவை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனால், பதினொரு மணிக்கு நீங்களே சுட்ட பலகாரத்தைச் சாப்பிட வயிற்றில் இடம் இருக்காது.

செலவு எவ்வளவு ஆகும்?

ஒருவருக்கு 25 முதல் 50 அமெரிக்க டாலருக்குள் நல்ல வகுப்புகள் கிடைக்கும். ஒரு டாலருக்கு 25,000 டாங்குக்குச் சற்று மேல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சாப்பாடும் சந்தைச் சுற்றும் பெரும்பாலும் இதில் அடங்கும். பரிசல் சவாரி, விடுதியிலிருந்து வண்டி, குடிக்கும் பானம் ஆகியவை அடங்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். அன்பளிப்பு கட்டாயம் இல்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் பாத்திரம் கழுவ இரண்டு பெண்கள் பின்கட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். கொடுப்பதாக இருந்தால் அவர்கள் கையில் கொடுங்கள்.

நல்ல வகுப்பு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு குழுவில் எத்தனை பேர்? ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பும் வெட்டுப்பலகையும் உண்டா? தொட்டுக்கொள்ளும் சாற்றை நாங்களே கலப்போமா?

மூன்றாவது கேள்வி சில்லறை விஷயமாகத் தோன்றும். எனக்கு அதுதான் முதல் கேள்வி. எங்கள் முதல் வகுப்பில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தோம். காய்கள் அரிந்து சிறு கிண்ணங்களில் வரிசையாக இருந்தன. மாவு கரைத்து இருந்தது. சாறும் கலந்து இருந்தது. மேடையில் ஆசிரியர் செய்வதைப் பார்த்து நாங்கள் அரிசித் தாளை (அரிசி மாவில் மெல்லிதாகச் செய்து காயவைத்த, சாப்பிடும் தாள்) சுருட்டினோம், புகைப்படம் எடுத்தோம், சாப்பிட்டோம். ருசி நன்றாகவே இருந்தது. ஆனால் அறைக்குத் திரும்பியபோது, நாளை இதை என் சமையலறையில் செய்ய முடியுமா என்று யோசித்தால் ஒன்றும் தேறவில்லை. வாய்க்குக் கிடைத்தது, கைக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது வகுப்பில் ஆறு பேர்தான். ஆசிரியை ஒவ்வொருவர் முன்னாலும் வெறும் கிண்ணத்தை வைத்தார். சாறு கலக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வியட்நாமியச் சமையலில் எனக்கு எதுவும் தெரியும் என்றால் அது அந்த முக்கால் மணி நேரத்தில் கற்றதுதான்.

அப்படி என்ன அந்தச் சாற்றில்?

நுவோக் சாம் என்பார்கள். தோய்த்துச் சாப்பிடும் நீர் என்று பொருள். சுருட்டிய உணவு, வறுத்த உணவு, நூடுல்ஸ், சாலட் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை. புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நான்கும் ஒரு கிண்ணத்தில் சண்டையில்லாமல் இருக்க வேண்டும்.

எங்கள் ஆசிரியை சொன்ன அளவு: சர்க்கரை 1 கரண்டி, எலுமிச்சைச் சாறு 1 கரண்டி, மீன் சாஸ் 1 கரண்டி, வெதுவெதுப்பான நீர் 4 அல்லது 5 கரண்டி. முதலில் நீரில் சர்க்கரையைக் கரைக்க வேண்டும். அது முழுவதும் கரைந்த பிறகு எலுமிச்சை. இந்த இடத்தில் நிறுத்தி ருசி பார்க்கச் சொன்னார்: எலுமிச்சை ஜூஸ்போல, அப்படியே குடிக்கலாம்போல இருக்க வேண்டும். பிறகு மீன் சாஸ். பூண்டையும் மிளகாயையும் மிகப் பொடியாக அரிந்து கடைசியில் தூவ வேண்டும். அப்போதுதான் அவை மேலே மிதக்கும், கிண்ணத்தைப் பார்த்ததும் கை நீளும்.

என் கிண்ணத்தை முதல் முறை ருசித்துவிட்டு, சரியில்லை என்று ஆசிரியை தலையசைத்தார். நான் அவர் சொன்ன அளவைத் துளி பிசகாமல்தான் போட்டிருந்தேன். என் எலுமிச்சையை எடுத்துப் பிழிந்து, என் விரலில் ஒரு சொட்டு விட்டு, நாக்கில் வைக்கச் சொன்னார். பிறகு பக்கத்துத் தட்டிலிருந்து இன்னொரு எலுமிச்சை, அதே மாதிரி ஒரு சொட்டு. இரண்டாவது பல்லைக் கூசச் செய்தது, முதலாவது சப்பென்று இருந்தது. ஒரே கூடையில் வாங்கிய காய்கள்தான். அளவு உங்களைக் கதவு வரைக்கும் கொண்டுபோய் விடும், உள்ளே போவது நாக்கு என்று அவர் கைசாடையிலும் பாதி ஆங்கிலத்திலும் புரியவைத்தார். அரைக் கரண்டி எலுமிச்சை கூட்டினேன். இந்த முறை அவர் சொன்ன சொல் ‘ஙோன்’. ருசியாக இருக்கிறது என்று அர்த்தம். நம் நெடுங்கணக்கில் இருந்தும் பேச்சில் நாம் சொல்லின் தொடக்கத்தில் வைக்காத ‘ங’தான் அவர்களுடைய மிகப் பிரியமான சொல்லுக்கு முதலெழுத்து.

மீன் சாஸ் வாடை தாங்க முடியுமா? அது எதிலிருந்து செய்கிறார்கள்?

நுவோக் மாம் என்பது அதன் பெயர். நெத்திலியையும் உப்பையும் மரத்தொட்டிகளில் அடுக்கி, ஓராண்டு அளவுக்கு ஊறவைத்து வடிக்கும் சாறு. மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்பது பரவலான கணக்கு. ஃபூ குவோக் தீவின் மீன் சாஸுக்கு 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது.

பாட்டிலைத் திறந்து முகர்ந்தால் கருவாட்டுக் கடை வாசலில் நிற்பதுபோல் இருக்கும். எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு அந்த வாடை அடங்கி, உப்புக்குள் ஓர் ஆழம் மட்டும் மிஞ்சும். மீன் சாப்பிடுகிறவர்கள் தயங்க வேண்டாம். அசைவம் சாப்பிட்டும் வாடைக்கு ஒத்துவராதவர்கள் ‘மாம் தோம்’ என்ற ஊதா நிற இறால் விழுதைத் தவிர்த்துவிடுங்கள். அதன் வாடை வேறு தரம்.

சைவர்கள் சேரலாமா?

சேரலாம், முன்பே சொல்லிவிட்டால். அம்மா மூன்று வகுப்பிலும் சைவமாகவே சமைத்தார், சாப்பிட்டார்.

சைவத்துக்கு அங்கே ‘சாய்’ என்று பெயர். ‘தோய் அன் சாய்’ என்றால் நான் சைவம் சாப்பிடுகிறேன் என்று பொருள். இது வெளிநாட்டாரின் வினோதக் கோரிக்கையாக அவர்களுக்குத் தோன்றாது. பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான். பௌர்ணமியை ஒட்டி ஹோய் ஆனில் இருந்தால் சைவக் கடைகளில் கூட்டம் நிரம்பி வழிவதைப் பார்க்கலாம். கண்டிப்பான ‘சாய்’ சமையலில் பூண்டு, வெங்காயமும் கிடையாது. அந்த வழக்கமுள்ள குடும்பத்தினருக்கு இது பெரிய ஆறுதல்.

ஆனால் ‘வெஜிடேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். காய்கறி அதிகம் உள்ள உணவு என்றே சிலர் அதைப் புரிந்துகொள்கிறார்கள். கவனிக்க வேண்டியவை நான்கு. முதலில் மீன் சாஸ், அது எல்லாவற்றிலும் நுழைந்திருக்கும். அடுத்தது ‘ஹாட் நெம்’ என்ற மசாலாத் தூள். பார்க்க உப்புத்தூள் மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் பன்றி இறைச்சி, எலும்புச் சாறு சேர்ந்தது. காளானில் செய்த சைவ ஹாட் நெம் தனியாக விற்கிறது. அதைக் கொண்டுவரச் சொல்லலாம். பிறகு சூப் கொதிக்கும் தண்ணீர். காய் மட்டும் மிதந்தாலும் அடியில் எலும்பு கொதித்திருக்கலாம். கடைசியாக, ஹோய் ஆன், டா நாங் பக்கம் பான் செயோ என்ற அரிசிமாவுப் பலகாரத்துக்குத் தரும் கெட்டியான கடலைச் சாறு. கடலைச் சட்னிபோல் இருக்கும், ஆனால் அதில் பன்றி ஈரலை அரைத்துச் சேர்ப்பது வழக்கம்.

வகுப்புக்கு முதல் நாளே சொல்லிவைத்ததால் எங்கள் ஆசிரியை அன்னாசியை உப்போடு கொதிக்கவைத்து, சோயா சாஸ் கொஞ்சம் கலந்து, மீன் இல்லாத ஒரு சாற்றைத் தயாராக வைத்திருந்தார். ‘நுவோக் மாம் சாய்’ என்று கடையிலும் பாட்டிலில் கிடைக்கிறது. அம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தார். கண்ணை மூடினார். தொண்டையைத் தொட்டுக் காட்டி, எலுமிச்சையை எடுத்து இன்னும் நான்கு சொட்டு விட்டு, மிளகாய் விதையைத் தட்டிவிட்டுக் கலக்கினார். ரசத்துக்குப் புளி பார்க்கும் அதே முகம். ஆசிரியை அந்தக் கிண்ணத்தில் கரண்டி விட்டு ருசித்தார். பிறகு தன் கிண்ணத்திலும் அதே நான்கு சொட்டு பிழிந்துகொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. அதற்குப் பிறகு வகுப்பு முடியும்வரை அவர் எதைச் செய்தாலும் அம்மாவிடம் ஒரு கரண்டி நீட்டாமல் இருக்கவில்லை.

மாட்டிறைச்சி, பன்றி சாப்பிடாதவர்கள் என்ன செய்வது?

மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். மாடு ‘போ’. பன்றி தெற்கில் ‘ஹெயோ’, வடக்கில் ‘லோன்’. கோழி ‘கா’. ஆனால் மீனும் ‘கா’தான், கோழிக்கு ‘க’வை மென்மையாக ஒலித்துக் குரலை இறக்க வேண்டும், மீனுக்கு அழுத்தி ஒலித்துக் குரலை ஏற்ற வேண்டும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், கைபேசியில் வியட்நாமிய எழுத்திலேயே எழுதிக் காட்டுவதுதான் பாதுகாப்பு.

ஃபோவில் பெரும்பாலும் மாட்டெலும்பு. கோழி ஃபோவும் உண்டு. சுருட்டிய உணவிலும் பான் செயோவிலும் இறாலோடு பன்றி இறைச்சியும் இருக்கும். முன்பே சொன்னால் கோழியோ காளானோ வைத்துத் தருவார்கள். ஹலால் கடைப்பிடிப்பவர்களுக்கு, சட்டியும் எண்ணெயும் பொதுவாக இருப்பதால் இறைச்சியைத் தவிர்ப்பது மட்டும் போதாது. தனிச் சட்டி கேட்டுக்கொண்டு கடலுணவு அல்லது ‘சாய்’ பட்டியலை எடுங்கள். ஹோசிமின் நகரத்தின் மத்தியில் 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது. அதைச் சுற்றி ஹலால் உணவகங்கள் உண்டு.

எந்தப் பதார்த்தங்களைக் கேட்டு வாங்கலாம்?

பட்டியலில் பான் செயோ இருந்தால் விடாதீர்கள். அரிசி மாவும் மஞ்சள்தூளும் கரைத்த நீர்த்த மாவு. சூடான சட்டியில் ஊற்றியதும் எழும் ‘செயோ’ என்ற சீறல்தான் அதன் பெயர். தெற்கே தேங்காய்ப்பால் சேர்த்துப் பெரிதாக ஊற்றுவார்கள், நடு வியட்நாமில் உள்ளங்கை அளவுதான். புளிக்கவைப்பது கிடையாது. மாவை ஊற்றிக் கரண்டியால் தேய்க்கவும் கூடாது. சட்டியைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். அம்மாவின் கை பழக்கத்தில் தேய்க்கப் போனது, ஆசிரியை மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். முளைகட்டிய பயறும் இறாலும் வைத்து மூடி, ஓரம் சட்டியை விட்டுத் தானாக எழும்பும்வரை காத்திருந்து மடிக்க வேண்டும். பிறகு துண்டாக்கி, இலைகளோடு அரிசித் தாளில் சுற்றி, சாற்றில் தோய்த்து அப்படியே கடிப்பது.

கோய் குவோன், அதாவது வறுக்காத சுருள், எல்லா வகுப்பிலும் இருக்கும். இதில் ரகசியம் தண்ணீரில்தான். காய்ந்த அரிசித் தாளைத் தண்ணீரில் ஊறவிடக் கூடாது. ஒரு முறை முக்கி எடுத்து, இன்னும் விறைப்பாக இருக்கும்போதே பலகையில் விரித்துவிட வேண்டும். நீங்கள் இலையை அடுக்கி முடிப்பதற்குள் அது தானாக இளகிவிடும். ஊறிய தாள் சுருட்டும்போது கிழியும். இறாலின் சிவந்த முதுகு கீழ்ப்பக்கம் பார்க்க வைத்துச் சுருட்டினால் தாளின் வழியே நிறம் தெரியும்.

வறுத்த சுருளுக்கு வடக்கில் நெம், தெற்கில் சா யோ. புதுச்சேரியில் பழைய குடும்பங்களோடு பழகியவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் சைகோனுக்கு (இன்றைய ஹோசிமின் நகரம்) வேலைக்குப் போய், அங்கே மணமுடித்துத் திரும்பியவர்களின் வீடுகளில் இன்றும் சா யோ பொரிக்கிறார்கள். அதேபோல், அவர்கள் ‘கா ரி’ என்று சொல்லும் கோழிக்குழம்பு நம் ‘கறி’ தான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு போட்டு, தேங்காய்ப்பாலில் கொதிக்கவைத்து, பிரெஞ்சு ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். தெற்கே வகுப்பு எடுத்தால் கேட்டுப் பாருங்கள்.

வாழைப்பூ சாலடும் நல்ல தேர்வு. நாம் வேகவைக்கும் பூவை அவர்கள் மயிரிழையாகச் சீவி, எலுமிச்சை நீரில் போட்டுக் கறுக்காமல் காத்து, பச்சையாகவே சாறு ஊற்றிப் பிசறுகிறார்கள்.

ஃபோவை அரை நாள் வகுப்பில் முழுதாகக் கற்க முடியாது. அன்னாசிப்பூ, பட்டை, சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயத்தோடு எலும்பு பல மணி நேரம் கொதிக்க வேண்டும். முந்தைய நாளே தயாரித்ததைத்தான் ஊற்றுவார்கள். ஹோய் ஆனின் காவ் லாவ் நூடுல்ஸும் அப்படியே. அதை அந்த ஊரின் பா லே கிணற்று நீரிலும், மரச்சாம்பல் கரைத்த காரநீரிலும் பிசைவதுதான் மரபு என்கிறார்கள். வகுப்பில் நூடுல்ஸை வாங்கிவந்து மேலே போடுவதை மட்டும் கற்பிப்பார்கள். கடையில் சாப்பிட்டு மகிழுங்கள்.

அந்த இலைகளுக்கெல்லாம் பெயர் தெரிந்திருக்க வேண்டுமா?

பெயர் மறந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றையும் தனியாக மென்று பாருங்கள். எங்கள் மூன்றாவது வகுப்பில் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஓர் இலையை வைத்தார்கள். ராவ் ராம் கொத்தமல்லியும் மிளகும் கலந்ததுபோல் காரமாக இருக்கும். தியா தோ ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் ஊதா; சீரகத்தை நினைவூட்டும். ஙோ காய் விளிம்பில் முள்ளுள்ள நீண்ட இலை. கொத்தமல்லியைவிடப் பல மடங்கு அழுத்தமான மணம். தியெப் கா இதய வடிவில் அழகாக இருக்கும், மென்றால் பச்சை மீன் வாடை. சைவர்கள் அதை ஒதுக்கிவிடலாம், அம்மா உடனே துப்பிவிட்டார். ராவ் முவோங் நம் வள்ளைக்கீரை. தண்டை நீளவாக்கில் நாராகக் கிழித்துத் தண்ணீரில் போட்டால் சுருள் சுருளாகச் சுருங்கும்.

சந்தைச் சுற்று மனத்தை வருத்துமா?

சிலரை வருத்தலாம். உயிருள்ள மீனும் தவளையும் தட்டுகளில் இருக்கும், இறைச்சி திறந்தபடி தொங்கும். தரை ஈரம், பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். அம்மாவைப்போல் இறைச்சிப் பகுதி வேண்டாம் என்பவர்கள் வழிகாட்டியிடம் சொன்னால் காய்கறி, பழ வரிசையிலேயே சுற்றிக் காட்டுவார். வியாபாரிகளின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள். அவர்களுக்கு அது வியாபார நேரம். ஓர் எலுமிச்சையாவது வாங்கிவிட்டுக் கேட்டால் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள்.

மொழி தெரியாமல் சமாளிக்கலாமா? ஆசிரியரை எப்படி அழைப்பது?

வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும், எளிய ஆங்கிலம் போதும். அழைப்பதில் நமக்கு ஒரு வசதி: அங்கேயும் உறவுமுறை வைத்துத்தான் பேசுகிறார்கள். உங்களைவிடச் சற்று மூத்த பெண் ‘சி’, அதாவது அக்கா. அம்மா வயதுப் பெண்ணும் ஆசிரியையும் ‘கோ’. அண்ணன் ‘ஆன்’. இளையவர் ‘எம்’. நான் ‘கோ’ என்று கூப்பிட்ட முதல் முறையே ஆசிரியை திரும்பி என் வயதைக் கேட்டார். அவர்கள் வயதைக் கேட்பது எந்த முறை சொல்லி அழைப்பது என்று தீர்மானிக்கத்தான். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நன்றிக்கு ‘காம் ஒன்’.

ஒவ்வாமை இருந்தால்?

நிலக்கடலை, இறால், மீன் மூன்றும் எங்கும் இருக்கும். கடலையை வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவுவார்கள், வறுத்த எண்ணெயும் பொதுவாக இருக்கும். கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் வியட்நாமிய எழுத்தில் எழுதிய சீட்டை முன்பதிவின்போதே அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். மருந்தைக் கையில் வைத்திருங்கள். கோதுமை ஆகாதவர்களுக்கு அரிசித் தாளும் அரிசி நூடுல்ஸும் வரம், சோயா சாஸை மட்டும் கவனியுங்கள்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் அழைத்துப்போகலாமா?

போகலாம். சுருட்டும் வேலை குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். பெரியவர்களுக்கு நின்றுகொண்டே இரண்டு மணி நேரம் வேலை செய்வதுதான் சிரமம். ஒரு நாற்காலி கேளுங்கள். மூட்டுவலி உள்ளவர்களைப் பரிசலில் ஏற்ற வேண்டாம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது நிலையாக நிற்காது.

எந்த மாதம் நல்லது?

ஹோய் ஆனுக்குப் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரை. அக்டோபரிலும் நவம்பரிலும் து போன் ஆறு பெருகிப் பழைய ஊருக்குள்ளேயே தண்ணீர் வருவதுண்டு. அப்போது தோட்டமும் மூழ்கும், வகுப்பும் ரத்தாகும். ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும் தெத் புத்தாண்டின்போது பல இடங்கள் சில நாள் மூடியிருக்கும்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

அரிசித் தாள் வாங்குங்கள். எடை குறைவு, கெட்டுப்போகாது. மூங்கில் தட்டியில் காயவைத்த குறுக்குக்கோட்டுத் தடம் அதில் தெரியும். வாழைப்பூவும் பப்பாளியும் சீவ அலைவிளிம்புள்ள சீவுகத்தி மலிவாகக் கிடைக்கும், பெட்டிக்குள் வையுங்கள். மீன் சாஸைக் கைப்பையில் கொண்டுவர முடியாது. உடைந்தால் விமானம் முழுக்க வாடை என்பதால், பெட்டிக்குள் வைக்கவும் பல விமான நிறுவனங்கள் கட்டுப்பாடு விதிக்கின்றன. வாங்கும் முன் கேளுங்கள். ராவ் ராம் தண்டையோ கீரை விதையையோ பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தாவரமும் விதையும் இந்தியாவுக்குள் கொண்டுவர அனுமதி தேவை.

வீட்டில் செய்தால் அதே ருசி வருமா?

இலைகளில் கொஞ்சம் குறையும். நாங்கள் புதினா, கொத்தமல்லி, வெங்காயத்தாள் மூன்றை வைத்தே சமாளிக்கிறோம். அரிசி மாவு கடையில் வாங்கியது வேண்டாம். பச்சரிசியை ஊறவைத்து அரைத்து, பால் பதத்துக்குக் கரைத்தால் பான் செயோ மொறுமொறுப்பாக வருகிறது. தோசைக்கல்லைச் சுழற்ற முடியாது, கைப்பிடி உள்ள வாணலிதான் வேண்டும்.

சாறு மட்டும் முதல் இரண்டு முறை சரியாக வரவில்லை. நம் ஊர் எலுமிச்சை அங்கத்தியதைவிடச் சாறும் புளிப்பும் கூடுதல். மூன்றாம் முறை நான் அளவுக் கரண்டியை எடுத்தேன். அம்மா அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சர்க்கரைத் தண்ணீரில் எலுமிச்சையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் ருசி பார்த்தார். ஏழாவது சொட்டில் நிறுத்தினார். கரண்டியை என் பக்கம் நீட்டி, ‘ஙோனா?’ என்று கேட்டார்.